ஹாரன் இல்லாமல் இறங்கிய மலை

போடி பேருந்து நிலையத்தில் தேனி வண்டிக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது. மலைமேலிருக்கும் மெட்டிலிருந்து இறங்கி வந்த ஜீப்பின் டிரைவர் என்னைக் கண்டதும் ஓரம் கட்டி, "அண்ணே, சேதி தெரியுமா? நம்ம தங்கவேல் அண்ணன் விடியக்காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலியாம்" என்றார். நான் தேனிக்குப் போகவில்லை. அந்த ஜீப்பிலேயே ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

மாலை போட வந்த ஒருவர், "பயம்னா என்னன்னே தெரியாத மனுசன்" என்று சொல்லி அழுதார். பலரும் தலையாட்டினார்கள். ஏலத்தோட்ட மேற்பார்வையாளரான தங்கவேல் அண்ணனை, மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அதே தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தராக அவரோடு நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அவரை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் நிறையப் பயப்படுவார். அந்தப் பயத்தை ஒரு பிற்பகல் முழுவதும் அவர் முதுகில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆள் பேர் எழுதிக்கொண்டு ஏலச்செடிகளுக்கிடையில் போனவன், வழுக்காமலிருக்க ஒரு செடியின் தட்டையைப் பிடித்தேன். அதில் பச்சை நிற விரியன் சுருண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. சுருக்கென்றது. மணிக்கட்டில் இரண்டு ரத்தப் பொட்டுகள். கையைச் சுற்றித் துண்டைக் கட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் வீங்கத் தொடங்கின.

தோட்டத்து ஜீப் லோடு ஏற்றிக்கொண்டு காலையிலேயே போடிக்கு இறங்கிவிட்டது. இருந்தது மோட்டார் சைக்கிள்தான். அண்ணன் தன் வேட்டியைக் கிழித்து என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். வண்டியைக் கிளப்பும்போதே சொன்னார்: "தம்பி, எனக்குப் பயமாருக்கு. நீ பேசிக்கிட்டே வா. பேச்ச நிறுத்துனா எனக்கு இன்னும் பயமாப் போயிரும்."

மெட்டைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன்சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. லைட்டைப் போட்டார். மஞ்சளாக முணுக்முணுக்கென்று எரிந்தது. ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டியவன் குரல் மாதிரி ஒரு சத்தம். ஒரு வளைவில் பள்ளத்தில் குதித்த வண்டி அப்படியே செத்துவிட்டது. லைட்டும் இல்லை, என்ஜினும் இல்லை. ஆனால் வண்டி நிற்கவில்லை. இறக்கத்தில் தானாக ஓடியது. பிரேக்கை மிதித்து மிதித்து, கருகும் வாடை வந்தது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் வெறும் வெள்ளை. அவர் வண்டியைப் பாறையோரம் உரசவிட்டு நிறுத்தினார். அவர் முழங்காலில் தோல் போயிருந்தது.

"இப்படியே உருட்டிக்கிட்டே போயிரலாமாண்ணே?" என்றேன். என் நாக்கு தடித்திருந்தது. விஷத்தாலா பயத்தாலா தெரியவில்லை.

"பிரேக்கு சூடேறிக் கெடக்கு. அடுத்த வளைவுல புடிக்கலன்னா ரெண்டு பேரும் காலி. செத்த பொறு."

என்னைக் கட்டவிழ்த்துப் பாறையில் சாய்த்தார். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. எர்த்து வயரின் நுனியை அது தின்று தீர்த்திருந்தது. குலுக்கலில் மிச்சமும் அறுந்து தொங்கியது. கத்தியால் முனையைச் சுரண்டினார். கத்தி வழுக்கி விரலில் பட்டது. வெட்டுக்காயத்தில் ஆசிட் பொடி பட்டதும் "ஆத்தா!" என்று கத்தினார். ஆனாலும் விடவில்லை. வயரின் மேல்தோலைச் சீவி, பளபளவென்று செம்பு தெரிந்ததும் முறுக்கி, போல்ட்டில் சுற்றி இறுக்கினார். கிக்கரை உதைத்தார். என்ஜின் பிடித்தது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது.

அவர் மட்டும் சந்தோசப்படவில்லை. லைட்டைப் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினார். என்ஜின் இரைந்தது, வெளிச்சம் கூடவில்லை. "சார்ஜ் ஏறல தம்பி. உள்ள இருக்குற கொஞ்ச கரண்ட்டுலதான் ஓடுது. லைட்டப் போட்டா என்ஜின் நின்னுரும். ஹாரனும் அடிக்கக்கூடாது" என்றார். பிறகு லைட்டை அணைத்தார்.

என்னை மறுபடி இடுப்போடு கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். பகல்தான், ஆனால் கண் தெரியாதவர்களைப் போல இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனுக்குப் பதிலாகத் தங்கவேல் அண்ணன் கத்தினார்: "வர்றோம்! ஏய், வண்டி வருது! வர்றோம்!" இடையிடையே என்னிடம், "தம்பி, இருக்கியா?" என்பார். "இருக்கேண்ணே" என்பேன். ஓரிடத்தில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு லாரியின் முகம் திடீரென்று முளைத்தது. அவர் கத்தியது கேட்டுத்தான் டிரைவர் பிரேக் போட்டிருந்தார். கைப்பிடி லாரியின் பலகையில் உரசிக்கொண்டு கடந்தது.

அடிவாரத்தில், முந்தலில் பனி விலகியது. நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை போயிருந்தது. என்னை உள்ளே எடுத்துக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. மற்றபடி பிழைத்தேன்.

டைனமோவிலிருந்து வரும் வயர் சட்டத்தில் உரசிக் காயம்பட்டிருந்ததைப் பிறகு போடி மெக்கானிக் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனுக்கு அதுதான் சோலி. பேட்டரி முனைகளில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, இறுக்கி, வாசலின் தடவுவார். வயர் முழுவதையும் விரலால் நீவிப் பார்ப்பார். பேட்டரியில் தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால் அன்று வண்டி நகராது. ஆட்கள் கேலி செய்வார்கள். "சிரிங்கப்பா. அன்னைக்கு மலைல பேட்டரி சாகல, ஒரு வயரு நுனிதான் செத்துச்சு. ஆனா நாங்க ரெண்டு பேரும்ல செத்திருப்போம்" என்பார். புது பேட்டரி வாங்கலாமென்று முதலாளி சொன்னபோதுகூட, "மொதல்ல முனையப் பாப்போம்யா. புதுசையும் அந்தப் பூஞ்சப் பொடி தின்னும்" என்று மறுத்துவிட்டார். ஒவ்வொரு முறை மலையிறங்கும் முன்பும், யார் நின்றாலும் கூச்சமில்லாமல், "பயமாத்தான் இருக்கு, போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிக்கரை உதைப்பார். அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டார்கள். அது வேடிக்கையில்லை.

அண்ணனின் உடலை எடுத்த பிறகு, வீடு காலியானதும் அவர் மனைவி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "எல்லாரும் தைரியமா இருங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க தம்பி. எனக்கு இந்த வீட்டுக்குள்ள நுழையவே பயமாருக்கு" என்றார்.

எழுதப் படிக்கத் தெரிந்தவன், இரங்கல் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆறுதல் வாசகங்கள் பல எனக்குத் தெரியும். அவற்றை ஒதுக்கிவைத்தேன். தங்கவேல் அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான். அதையே சொன்னேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மதினி. வாங்க, சேந்தே உள்ள போவோம்."