லொறி டிரைவருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட்

பழைய கொம்பியூட்டரில் புது கேம் ஓடாவிட்டால் அதற்குக் கடைக்காரன்தான் காரணம் என்பது பதுளையில் எழுதாத சட்டம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா, இருப்பதை வைத்தே கொஞ்சக் காலம் ஓட்டலாமா? படம் விக்கி விக்கி ஓட, ஆத்திரத்தில் கீபோர்டைக் குத்திய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் நம்ம ஆள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் ரொம்பவும் திண்டாடியது ஒரு வீட்டுக்காகத்தான்.

கூடையில் வந்த பெட்டி

நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரியாயி அக்கா வந்தார். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில், கூடை முதுகில், கூடைக்குள்ளே கம்பளியில் சுற்றிய கொம்பியூட்டர். கையில் தூக்கினால் ஆடுமாம், கூடையில் ஆடாதாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் கூடையை இறக்காமல் நின்றே வந்திருக்கிறார்.

அவருடைய கணவர் சுப்பையா, தோட்டத்துத் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுபோன லொறி டிரைவர். இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்தால் ஒரு காலை வெட்டி எடுத்த பிறகு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர், யாரோடும் பேச்சில்லை. கொழும்பில் வேலை செய்யும் மகள் ஒரு பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து, லொறி ஓட்டும் கேம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டையும் அங்கேயே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

தீபாவளிக்கு அதே கேமின் புது சிடி வந்தது, வினையும் கூடவே வந்தது. படம் நின்று நின்று ஓடியதால் ஒவ்வொரு வளைவிலும் லொறி பள்ளத்தில் விழுந்தது. சர்வீஸ் முழுக்க ஒரு நாளும் வண்டியைக் கவிழ்க்காதவர், மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மாரியாயி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "கார்ட மாத்தணுமா என்னத்த மாத்தணும்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி. அவரு திரும்ப எந்திரிச்சு உக்காரணும், அவ்வளவுதான்."

பூஜை போட்ட வண்டி

பெட்டியைத் திறந்தேன். உள்ளே சந்தன வாசம். மெயின் போர்டில் ஒரு பொட்டு, பவர் சப்ளையில் ஒரு பொட்டு, கிராபிக்ஸ் கார்டின் குட்டி ஃபேனில் நல்ல தடிப்பாக ஒன்று, அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்குப் பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை, இங்கேயும் குறை வைக்கவில்லை. காய்ந்த சந்தனத்தில் ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தது. பிடிபட்டது நோய் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கூடையோடு வந்த மவுஸும் பிசுபிசுத்தது. முகர்ந்தால் எலுமிச்சம்பழம்! அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ் அது. எல்லாவற்றையும் துடைத்து, ஃபேனைச் சுற்றவிட்டு, கேமைப் போட்டுப் பார்த்தேன். லொறி அதே வளைவில், அதே பள்ளத்தில். என் சந்தோஷமும் அங்கேயே விழுந்தது. எலுமிச்சம்பழக் கதையை அக்காவிடம் கேட்டேன். "வண்டிக்குப் பூச போட்டா சக்கரத்துக்கு அடியில பழம் நசுக்கணும்ல? இதுல உருளுறது இது ஒன்னுதானேன்னு வச்சு அமுக்கிட்டாருங்க."

யோசிக்கிற மனிதர்

ஆக, கார்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கடையில் இருந்த புதுக் கார்டு எதுவும் அந்தக் கிழட்டு போர்டில் பொருந்தாது. பொருந்தக்கூடிய நல்ல கார்ட் ஒன்று சிவநேசன் சேரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீஸான கச்சேரியில் கிளார்க், கார் பந்தய கேமில் பைத்தியம். புதுக் கொம்பியூட்டர் எடுப்பதா, பழையதோடு சமாளிப்பதா என்று மாதக்கணக்காக என் கடையில் வந்து யோசித்துக்கொண்டிருந்தார். வாங்கலாம் என்று முடிவெடுக்கும் நேரம் பார்த்து அதைவிட நல்லது ஒன்று வந்துவிடும்; மறுபடி முதலிலிருந்து யோசிப்பார்.

அவரிடம் சுப்பையா அண்ணன் கதையைச் சொன்னேன். எழுந்து போனவர், மறுநாள் தன் கார்டைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அப்படியானால் புதிதாக வாங்க முடிவெடுத்துவிட்டீர்களா சேர் என்றேன். "உந்தக் கார்டைக் கொண்டுபோய் அந்த மனுசனுக்குப் போட்டுவிடும் தம்பி. நான் வாங்கிறதோ எண்டதை இன்னும் கொஞ்சம் யோசிக்கவேணும்."

யாருடைய ரோட்டு

கார்டைப் போட்ட பெட்டியை நானே அவர்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி வைத்தேன். சுப்பையா அண்ணன் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். கேமில் எஞ்சின் சத்தம் கேட்டதும் மெல்லத் திரும்பினார். மாரியாயி அக்கா முதுகைத் தாங்கி உட்கார வைத்தார். லொறி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தூரத்து மலை, அதற்கு அடுத்த மலை, ரோட்டின் எல்லா வளைவும் பளிச்சென்று தெரிந்தன. நான் பெருமையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பனி எங்கே என்று கேட்டார். பழைய கார்டால் தூரத்தை வரைய முடியாது. அதனால் கொஞ்சத் தூரத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் கேம் வெள்ளையாக மூடிவிடும். நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிற குறை அது. அவருக்கோ அது கொழும்புக்கு இறங்கும் பெரகல சந்தியின் பனி. முன்னால் ஒன்றும் தெரியாமல், எஞ்சின் சத்தத்தையும் ரோட்டோரத்தையும் வைத்து வருடக்கணக்காக இறங்கிய இறக்கம். படுக்கையில் சாயப்போனவர் சொன்னார்: "எல்லாத்தையும் அதுவே காட்டிப்புட்டா, அப்புறம் டிரைவரு எதுக்குங்க தம்பி?"

பெரகல இறக்கம்

கொஞ்சம் இருங்க அண்ணே என்று கெஞ்சி, கேமின் செட்டிங்ஸுக்குள் புகுந்தேன். பார்வைத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசி மலை மறைந்தது, அதற்கு முந்திய மலையும் மறைந்தது, கடைசியில் லொறிக்கு முன்னால் ஒரு துண்டு ரோட்டு மட்டும் மிஞ்சியது. சுப்பையா அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். லைட்டைப் போட்டார், கியரைக் குறைத்தார், மலையை ஒட்டி ஒட்டி இறங்கினார். வளைவுக்கு வளைவு ஹார்ன். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, லொறி ஒரு இடத்திலும் விழவில்லை.

மாரியாயி அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து லொறியில் பெண்களை ஏற்ற மாட்டார்களாம். எனக்கு ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை. அக்கா திரும்பாமலே சொன்னார்: "இத்தன வருசமா இந்தப் பனியில இவரு எங்க நிக்கிறாரோ என்ன ஆனாரோன்னு லயத்துல முழிச்சுக்கிட்டு கெடந்தேன் தம்பி. இப்பதான் பக்கத்துல உக்காந்து கூடப் போறேன்."

தூரம் தெளிவாகத் தெரியட்டும் என்றுதான் எல்லோரும் கார்டை மாற்றுவார்கள். தூரத்தை மறைப்பதற்காக மாற்றிக் கொடுத்தவன் ஊவா மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், ஆனால் அதைக் கடை போர்டில் எழுதினால் எவர் வருவார், சொல்லுங்கள்?