டிராகன் நாவல்களுக்கு வந்த பதில்

எங்கள் அடையாறு குடியிருப்பின் நூலகத்தில், பதினெட்டு வயது நிறைந்தவர் எந்த நூலையும் எடுக்கலாம். பெற்றோர் சம்மதம் தேவையில்லை. அந்த விதியை எழுதியவனே நான்தான்.

மாடி வீட்டு நித்யாவுக்கு வேலை உறுதியாகியும், சேரச் சொல்லிக் கடிதம் வரவில்லை. படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்றாள். எனக்குப் பிடித்த டிராகன் நாவலின் முதல் இரண்டு பாகங்களை எடுத்துக் கொடுத்தேன். மறுவாரம் அவள் அம்மா என் வாசலில் நின்றார்.

"உங்களுக்குப் பொழுது போகலேன்னா என் பொண்ணை ஏன் சார் கெடுக்கறீங்க? பகலெல்லாம் பறக்கற பல்லிக் கதை படிச்சிட்டிருக்கா."

நான் விதியைச் சொன்னேன்.

"அவளை வேலைக்கு எப்போ கூப்பிடுவாங்கன்னு ஒரு விதி சொல்லுங்களேன். சொல்லலேன்னா ரெண்டு புக்கையும் போகில போட்டுடுவேன்."

அதற்கு என்னிடம் விதி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். நூல்களைத் திருப்பித் தரும்படி நித்யாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன், பதில் இல்லை. லிஃப்டில் அந்த அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும்தான்.

கடைசியில் நித்யா எழுதினாள்: "அங்கிள், வேலை இன்னும் வரல. புக் அம்மாகிட்ட இருக்கு. ரெண்டாம் பாகம் முடிக்காம தரமாட்டாங்களாம். மூணாவது இருக்கா?"

அன்று வாசலில் அவர் என்னிடம் கேட்டது விதியை அல்ல, பெண்ணுக்கு வேலை வந்துவிடும் என்ற ஓர் ஆறுதல் வார்த்தையை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதில் வந்த நாள், போகி.