பிரேமாவைத் தோண்டித் தேடிய வாரம்

1. எங்கே தோண்டுவது

ஒரு திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது எங்கள் போலீஸ் நிலையத்தின் முகப்பில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. புகார் கொடுக்க அல்ல. அதை முந்தைய வாரமே கொடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல வந்திருந்தார்கள்.

கிள்ளான் வட்டாரத்தில் காணாமல் போனவர்கள் பற்றிய புகார்களைக் கவனித்த சார்ஜன்ட்களில் நானும் ஒருத்தி. தமிழ்க் குடும்பங்கள் வந்தால் பேச்சு என் மேசைக்கு வந்துவிடும். இந்தக் குடும்பமும் அப்படித்தான் வந்தது. காணாமல் போனவர் பெயர் பிரேமா. கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கின் முகப்பில் வேலை. காப்பாரில் கணவர் குணாவோடும் தன் தாயார் லெட்சுமியம்மாளோடும் இருந்தார். ஒரு காலை வேலைக்குக் கிளம்பியவர் கிளினிக்குக்குப் போய்ச் சேரவில்லை. கைத்தொலைபேசி சமையலறையிலேயே கிடந்தது.

குணாவைப் பற்றி நிலையத்தில் எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயம். தினமும் வருவார், எங்களுக்கும் சேர்த்துக் கோப்பி கட்டிக்கொண்டு வருவார், குரலை உயர்த்தாமல் பேசுவார். அன்று அவர் தன் தொலைபேசியை என் முன்னால் வைத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

அதில் பேசியவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாஸ்டர் தவா. காணாமல் போன மோதிரம், காணாமல் போன வேலை, காணாமல் போன மனநிம்மதி எல்லாவற்றையும் ஃபேஸ்புக் நேரலையில் கண்டுபிடித்துத் தருபவர். முதல் தடவையாக மனுஷியை எடுத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணு இப்ப உயிரோட இல்ல. தண்ணி தெரியுது. உயரமா ஒரு புகைபோக்கி தெரியுது. செம்பனை மரம் தெரியுது."

காப்பார் கடலோரத்து ஊர். மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பல மைல் தள்ளி நின்றாலும் தெரியும். மிச்ச இடமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாத ஓர் இடத்தை அவர் சொல்லியிருந்தால் நானே எழுந்து நின்றிருப்பேன்.

விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர் அஸ்லானுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் முகம் மாறாமல் கேட்டுவிட்டு, நமக்குச் சம்பளம் வாங்காத அதிகாரி ஒருவர் கிடைத்திருக்கிறார், எந்தத் தண்ணீர், எந்தக் கரை என்று மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள் என்று மலாயில் சொன்னார். ஆனால் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதற்குள் காப்பாரில் ஒரு கால்வாய்க் கரையில் பாராங் கத்தியும் மண்வெட்டியுமாக ஜனம் கூடிவிட்டது என்று செய்தி வந்தது.

நாங்கள் போனபோது நிலத்தில் ஆளுக்கொரு குழி. உறவினர்கள், பக்கத்துத் தாமான் குடியிருப்புக்காரர்கள், வீடியோ பார்த்துவிட்டு ஷா ஆலாமிலிருந்து வந்தவர்கள். யாரோ ஒருவர் சேற்றிலிருந்து ஒரு செருப்பை எடுத்தார். லெட்சுமியம்மாள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அது ஆண்கள் போடும் செருப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சொல்லத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. நான் சொன்னேன். உடனே ஒருவர், அப்படியென்றால் அது கொலைகாரனுடையதாக இருக்கும் என்றார். வேறு வழியில்லாமல் அதையும் பையில் போட்டு எடுத்து வந்தோம்.

2. இறந்தவரைப் பற்றி வந்த போன்

இரண்டு நாளில், வடக்கே பத்துமலையைத் தாண்டி இருக்கும் ரவாங் போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நீங்கள் தோண்டிக்கொண்டிருக்கும் பெண் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள்.

இன்ஸ்பெக்டரும் நானும் போனோம். பிரேமா தன் பள்ளித் தோழி மேரியின் வீட்டில் தங்கியிருந்தார். மேரி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பிரேமா தோழியின் தொலைபேசியில் தன் மரணச் செய்தியைப் பார்த்துவிட்டு, போலீஸ் நேரத்தை வீணாக்கியதாகத் தன் மேல் கேஸ் வருமோ என்று பயந்து நிலையத்துக்கு வந்திருந்தார். அவர் கையை நீட்டியபோது சட்டைக் கை விலகியது. கோப்பி கட்டிக்கொண்டு வரும் குணாவைப் பற்றி எங்களுக்கு இருந்த அபிப்பிராயம் அந்த நிமிஷத்தில் முடிந்தது.

வயது வந்த ஒருவர் தன் விருப்பப்படி வீட்டைவிட்டுப் போனால், அவர் இருக்கும் இடத்தைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. உயிரோடு, பத்திரமாக இருக்கிறார் என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லுவோம். இதை விளக்கியபோது பிரேமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்:

"அக்கா, அதையும் சொல்லாம இருக்க முடியாதா? அந்த மாஸ்டர் நான் செத்துட்டேன்னு சொன்ன அன்னிக்குத்தான் நான் நல்லா தூங்குனேன். செத்தவள யாரும் தேட மாட்டாங்கல்ல."

இத்தனை வருட வேலையில், ஓர் அருள்வாக்கால் நன்மை அடைந்தவர் என்று நான் நேரில் பார்த்தது அவர் ஒருவரைத்தான். அதுவும் அந்த வாக்கு பொய் என்பதால். ஆனால் காப்பாரில் ஒரு தாய் செருப்பைக் கட்டிப்பிடித்து அழுததைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லுங்கள், இடம் மட்டும் வேண்டாம் என்றார் பிரேமா. கணவர் மேல் புகாரும் கொடுத்தார்.

3. யார் சொல்வதை நம்புவது

லெட்சுமியம்மாளைத் தனி அறையில் உட்கார வைத்து, மகள் உயிரோடு இருக்கிறார், நானே கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அழுவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்படியென்றால் ஏன் காட்ட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு பொறுமையாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினார்:

"மாஸ்டருக்குப் பொய் சொல்லணும்னு என்னா மேடம் இருக்கு? அவரு ஒரு காசுகூட வாங்கல."

நான் சம்பளம் வாங்குபவள். ஆகவே என் வார்த்தைக்கு மதிப்புக் குறைவு. வீட்டில் மகளின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியாகிவிட்டது, காரியத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது என்று வெளியே இருந்த உறவுக்காரர் சொன்னார்.

குணாவுக்கும் அதே செய்தியைச் சொன்னோம். அவர் உடனே நம்பினார். எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றோம். மறுபடி கேட்டார். அதன் பிறகு வேறு மாதிரி வார்த்தைகளில் அதையே கேட்டார். நன்றாக இருக்கிறாளா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

4. மாஸ்டர் திருத்திக்கொண்டார்

பிரேமா உயிரோடு இருக்கிறார் என்று போலீஸ் சொன்ன செய்தி அன்றே மாஸ்டருக்குப் போய்விட்டது. மறுநாள் நேரலையில் வந்தார். வெட்கப்பட்டு வந்தார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் உயிர் போய்க்கொண்டிருந்தது உண்மை, தன் பூஜையால் திரும்பிவிட்டது என்றார். பார்த்தவர்கள் கைகூப்பும் படங்களாக அனுப்பிக் குவித்தார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுத வேண்டியிருக்காது. அவர் மீண்டும் கண்ணை மூடினார். வடக்குப் பக்கம் என்றார். பாதை பத்துமலையைத் தாண்டிப் போகிறது என்றார். ரயில் சத்தம் கேட்கிறது, ஒரு மாதாவின் பெயர் தெரிகிறது என்றார்.

கீழே கருத்துகள் வரத் தொடங்கின. ரவாங்கா என்று ஒருவர் கேட்டார். செரண்டாவாக இருக்கும் என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் நல்ல எண்ணத்தோடு எழுதினார்: ரவாங்கில் எங்கள் தாமானில் மேரி என்று ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டில் புதிதாக ஒரு பெண் தெரிகிறார், பாவம், பார்த்தால் இவரைப் போலத்தான் இருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டுப் பிரேமா என்னைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் அஸ்லான் அன்று மதியமே அவரை ஒரு காப்பகத்துக்கு மாற்றினார். மேரியையும் சில நாள் தன் தங்கை வீட்டில் இருக்கச் சொன்னோம்.

5. பிரிக்பீல்ட்ஸில் தேநீர்

மாஸ்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வரும்படி இன்ஸ்பெக்டர் என்னை அனுப்பினார். ஒரு நிபந்தனை: எந்த ஊரின் பெயரும் என் வாயில் வரக்கூடாது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. பொய் சொன்னவரிடம் போய் நிறுத்துங்கள் என்று சொல்வது சுலபம். தற்செயலாக உண்மையைத் தொட்டுவிட்டவரிடம், அது உண்மை என்று காட்டிக்கொள்ளாமல் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் தவாவின் இடம் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில். சாமி படங்கள், முகத்துக்கு வெளிச்சம் அடிக்கும் வட்ட விளக்கு, நல்ல குளிர்சாதனம். மனிதர் மரியாதையானவர். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். இந்தக் கேஸைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நான் சொன்னது சரிதான் லா அக்கா?"

நான் இதற்குத்தான் பயந்துகொண்டு வந்திருந்தேன். பதில் சொல்லாமல், அந்த மாதா பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அது தானாகத் தெரியும், எப்படி என்று சொல்ல வராது என்றார். தேநீர்த் தட்டோடு நின்ற அவர் மனைவி கணவருக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார்:

"அந்தக் குணா தம்பிதான் சொன்னாரே. பத்துமலைக்கு அந்தப் பக்கம் மேரின்னு ஒரு கூட்டாளி இருக்கா, கல்யாணத்துக்கு வந்தா, வீடுதான் தெரியலன்னு."

குணா எங்களிடம் மேரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவிக்குத் தோழிகளே கிடையாது என்றுதான் புகாரில் சொல்லியிருந்தார். போலீஸிடம் சொன்னால் போலீஸ் அவரை முதலில் கண்டுபிடித்துவிடும். மாஸ்டரிடம் சொன்னால் ஊரே சேர்ந்து தேடிக் கொடுக்கும். குணா முட்டாள் இல்லை.

நான் மாஸ்டரிடம் கோபப்படவில்லை. சொன்னது இதுதான்:

"நீங்க முதல்ல சொன்னது தப்பா போச்சு. ஒரு தாயி உயிரோட இருக்கிற மகளுக்குக் காரியம் பண்ண நாள் பாத்தாங்க. சரி, இப்ப சொன்னது சரின்னே வச்சுக்குவோம் மாஸ்டர். ஒரு பொண்ணு வீட்ட விட்டு ஓடி ஒளியுறான்னா, யாருக்குப் பயந்து ஒளியுறான்னு நீங்க கேட்டீங்களா? உங்களுக்கு அது தெரியலயா?"

அவர் கண்ணை மூடவில்லை. முதல் தடவையாக மனைவியைப் பார்த்தார். குணா தம்பி நல்ல பையன்போலத்தான் இருந்தார் என்று மெதுவாகச் சொன்னார். அதை நான் மறுக்க முடியாது; எங்களுக்கும் அப்படித்தான் இருந்தார். வீடியோக்களை எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அன்று சாயங்காலமே நேரலையில் வந்து, போலீஸ் நேரில் வந்து கேட்டுக்கொண்டதால் இரண்டு வீடியோவையும் எடுக்கிறேன், காரணம் உங்களுக்கே புரியும் என்று அறிவித்துவிட்டு எடுத்தார். அவருடைய வீடியோக்களிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். குணாவும் பார்த்தார்.

6. பூட்டிய வீடு

மறுநாள் பகலில் குணா ரவாங்கில் மேரியின் வீட்டு கேட்டை உடைத்தார். உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்காரர் போலீஸைக் கூப்பிட்டார். பிடித்த போலீஸ்காரர்களிடம் குணா மரியாதையாகத்தான் பேசினாராம். பெண்டாட்டியைக் கூட்டிப் போக வந்தேன் என்றாராம். அவர் வண்டியில் என்ன இருந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீதிமன்றத்தில் அதை எடுத்துக் காட்டியபோது பிரேமா எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. குணா உள்ளே போனார்.

குணா பிடிபட்ட மறுநாள் லெட்சுமியம்மாளை நிலையத்துக்கு வரவழைத்து, மகளோடு தொலைபேசியில் பேச வைத்தோம். முதலில் அவர் மகளின் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உனக்கு வெளக்கு ஏத்திட்டேன்டி."

"அணைச்சிரும்மா," என்றார் பிரேமா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் வெளியே வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து லெட்சுமியம்மாள் பழத் தட்டோடு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் மாஸ்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். உயிரோடு இருக்கிறாள் என்று அவர்தானே சொன்னார். அவர்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் மாஸ்டரின் பக்கத்தில் வந்தது. எங்களுக்கு யாரும் பழம் கொண்டுவரவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு மாஸ்டர் காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. மோதிரங்களோடு நிறுத்திக்கொண்டார்.

7. கேட்க வேண்டிய கேள்வி

புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்பார்கள், குறி சொல்லும் இந்த ஆட்கள் சொல்வது பலிக்குமா என்று. பலித்தாலும் ஆபத்து, பலிக்காவிட்டாலும் ஆபத்து என்பதைப் பிரேமா விஷயத்தில் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டேன். அதனால் அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எனக்கு உறைத்தது வேறு. குணா எங்களிடம் மறைத்ததை மாஸ்டரிடம் தானாகச் சொன்னார். எங்கள் எதிரில் உட்காருபவர்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். சாமி படத்துக்கு எதிரில் உட்காருபவர்கள் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தகப்பனார் வந்தார். வளர்ந்த மகன் வீடு திரும்பவில்லை. வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னார். ஏற்கெனவே ஒருவரிடம் குறி கேட்டுவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, நான் திட்டுவேன் என்று காத்திருந்தார்.

குறி சொன்னவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்கண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில், அந்தச் சண்டையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.