கறுப்புத் தண்ணீரில் வெந்த சோறு

வெள்ளி, காலை பத்து மணி. நியூசிலாந்தின் ஒக்லண்ட் விமான நிலையத்திலிருந்து மவுண்ட் ரோஸ்கிலுக்கு இருபது நிமிட ஓட்டம். காரை ஓட்டியது தம்பி குகன்; பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை. பக்கத்தில் அவன் மனைவி மிர்லாண்ட், ஹெயிட்டி நாட்டுக்காரி. கனடாவில் மொன்றியலுக்குப் படிக்கப் போனவனை மடக்கிவிட்டாள் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. கல்யாணத்துக்குப் பிறகுதான் இருவரும் இங்கே குடிவந்தார்கள். நான் ஊர் பார்க்க மட்டும் வரவில்லை. வெள்ளவத்தையில் தனியே இருக்கும் அம்மா இனி இவர்களோடு வந்து இருக்கலாமா, மிர்லாண்டின் கைச்சமையல் அவருக்கு ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

போய் இறங்கிய கையோடு சமையலறை அலுமாரியைத் திறந்தேன். முழுத் துவரை, கராம்பு, தேங்காய்ப்பால் பேணிகள், சிவப்பு அவரை, சோள மா, உப்பிட்டுக் காயவைத்த மீன்.

"எனக்குக் காட்டவெண்டு நேற்று வாங்கி அடுக்கினியோடா?"

"இல்லை அக்கா, எல்லாம் அவளின்ர சாமான். அவையின்ர நாட்டிலயும் இதுகள்தான் சமைக்கிறவை."

நம்புவேனா நான்? சின்ன வயதிலேயே வாய் கூசாமல் புளுகினவன். மேல் தட்டில், பின்னுக்குத் தள்ளி இன்னொரு பேணி இருந்தது. உள்ளே கறுப்பாகக் காய்ந்து சுருண்ட என்னவோ.

சனி காலை ஏழு மணிக்கு ஒட்டாரா சந்தை. வாழைக்காய் ஒரு சீப்பு இரண்டு டொலர். மிர்லாண்ட் மிளகாய்களை ஒவ்வொன்றாக முகர்ந்துதான் எடுத்தாள். அவள் அப்பால் போனதும், இவள் வழமையாக வருகிறவள்தானா என்று விற்ற சமோவாப் பெண்ணிடம் மெல்ல விசாரித்தேன்.

"ஒவ்வொரு சனியும் வருவாள். பேரம் பேசியே உயிரை எடுப்பாள்" என்றாள் அவள். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

மதியம் அந்தப் பேணி இறங்கியது. உள்ளே இருந்ததைச் சுடுநீரில் ஊறவைத்தாள். தண்ணீர் மை போலாயிற்று. பிழிந்து, வடித்து, சக்கையை எறிந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் அரிசிக்குள் ஊற்றினாள். புருசனை மடக்க மருந்து போடுகிற கதைகளை நான் கேட்காதவளா?

தட்டில் கறுப்புச் சோறு வந்தது. நான் கை வைக்கவில்லை.

"தம்பி, நீ முதல் சாப்பிடு."

"ஐயோ அக்கா, அது காய்ஞ்ச காளான்! இஞ்ச வாங்கேலாது. இருந்த கடைசிப் பிடியை உங்களுக்கெண்டு போட்டவள்."

அவன் சாப்பிட்டான். ஏற்கெனவே மயங்கினவன் சாப்பிட்டு என்ன சாட்சி?

மிர்லாண்டுக்கு விளங்கிவிட்டது. என் தட்டிலிருந்தே இரண்டு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: "மொன்றியலில் குகன் முதன்முதல் கறி சமைத்தபோது, அவரையே முதலில் சாப்பிடச் சொன்னது என் அக்கா. என்னை மயக்க அதில் ஏதோ போட்டிருக்கிறாராம்."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. ஒரு வாய் வைத்தேன். கராம்பு வாசத்தோடு அருமையாக இருந்தது.

ஞாயிறு மாலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். குகன் என் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, வெளிக்கிட்டு வாங்கோ. நல்ல பிள்ளை, நல்லாச் சமைக்கிறாள்."

"உனக்கும் போட்டிட்டாளோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா, போட்டிட்டாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டனான்."

குகன் தன் காதையும் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"அங்க சரியான குளிரெண்டு சொல்லுகினம்" என்றார் அம்மா. "கம்பளி உடுப்பு இஞ்ச வாங்கட்டோ, அங்க வந்து வாங்கலாமோ?"