லூர்து அண்ணனின் இறப்புச் சான்றிதழும் கூட வந்தவர்களும்

நான் இருக்கும் ஊரில் நாய்க்கு லைசென்ஸ் வாங்கும் ஜன்னலிலேயேதான் மனிதனுக்கு இறப்புச் சான்றிதழும் வாங்க வேண்டும். நம்பாவிட்டால் வந்து பாருங்கள், விசாவுக்கு மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கவுண்டி ஆபீஸ் என்று பெயர். நம்மூர் தாலுகா ஆபீஸுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மீன் பிடிக்க உரிமம் கேட்டார். அவருக்கு முன்னால் அரை டிராயர் போட்ட ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு உரிமம் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனது. தள்ளுமுள்ளு கிடையாது. முன்னால் நிற்பவருக்கும் நமக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகலாம். அந்த இடைவெளியைப் பார்த்தாலே யாராவது உள்ளே நுழைந்துவிடுவார்களோ என்று எனக்குக் கால் பரபரக்கும். ஆனால் ஒருவரும் நுழைவதில்லை. என் முறை வந்ததும், சட்டையில் பார்பரா என்று பெயர் குத்தியிருந்த அம்மாள், "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று முகமெல்லாம் மலர விசாரித்தார். "ரொம்ப நன்றாக இருக்கிறேன், ஒரு டெத் சர்ட்டிஃபிகேட் வேண்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இறந்தது லூர்து அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். புதிதாக வாங்கிய மெஷினைப் பழகிக்கொண்டு வரச்சொல்லிக் கம்பெனியே அவரை அமெரிக்கா அனுப்பியது, அதுவும் நான் வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கத்து ஊருக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமையானால் என் அப்பார்ட்மென்ட்டுக்கு வந்துவிடுவார். லிஃப்டில் ஏறும் வெள்ளைக்காரரிடம், "இன்னா நைனா, துன்னுட்டியா?" என்று, அம்பத்தூர் பக்கத்தில் நாங்கள் வளர்ந்த அண்ணனூரின் சுத்தமான தமிழில் கேட்பார். அவரும் "குட், குட்" என்பார். "பாத்தியா, நம்ம பாஷை இவனுக்குப் புரியுது. உனுக்குத்தான் இன்னும் இங்கிலீஷ் தேவைப்படுது" என்று என்னை வாருவார். நான் நாலு வருஷத்தில் பேசாத அண்டை வீட்டுக்காரர்களையெல்லாம் நாலு வாரத்தில் கூட்டாளிகளாகச் சேர்த்துவிட்டார். அந்த மனிதரைத்தான் நெஞ்சுவலி ஒரே மூச்சில் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் நான்தான் இருந்தேன். பெட்டியில் வைத்து விமானம் ஏற்றி அனுப்பியதும் நான்தான். கூடப் போகத்தான் முடியவில்லை. விசா புதுப்பிப்பில் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியோடு போன ஒரே அசல் சான்றிதழ், வழியில் எந்த மேசையில் தங்கியதோ, வீடு போய்ச் சேரவில்லை. போனால் போகட்டும் என்று விட முடியாது. அண்ணனுடைய கம்பெனி, அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணிக்கு, கேட்டில் வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும். தாமதமானால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அண்ணிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அதை விட்டால் வேறு வழியில்லை.

ஆகவே பார்பரா நீட்டிய படிவத்தில் மளமளவென்று எழுதினேன். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? பிரதர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பார்பரா கம்ப்யூட்டரில் பார்த்தார், என் படிவத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அவருடைய அப்பா பெயர் வேறு, உங்கள் அப்பா பெயர் வேறு. ஹாஃப் பிரதரா?" பாதி அண்ணனா? லூர்து அண்ணன் இருந்த உடம்புக்கு அவரை ஒன்றரை அண்ணன் என்றாலும் தகும். "என் அப்பாவும் அவருடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள்" என்று விளக்கினேன். "ஓ, கசின்!" என்று பார்பரா நிம்மதியாகச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பா பிள்ளையைக் கசின் என்று யாராவது கூப்பிடுவார்களா? என் அம்மா இறந்த பிறகு நான் அண்ணனூரில் அவர் பாயில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு வளர்ந்தவன். அதையெல்லாம் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. கசினுக்குச் சான்றிதழ் தர முடியாது, மனைவியிடமிருந்து நோட்டரி முத்திரையோடு கடிதம் வந்தால் தரலாம், இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று வாழ்த்தி அனுப்பிவிட்டார் அம்மாள்.

காருக்கு வந்து உட்கார்ந்தபோது பெரியப்பாவின் சான்றிதழ் வாங்கப் போன நாள் நினைவுக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் அது. பெரியப்பா வீட்டிலேயே படுக்கையில் போய்ச் சேர்ந்தவர், ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதும் கிடையாது. நான் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எழுத்தில் மனு ஒன்று தயாரித்துக்கொண்டு புறப்பட்டேன். லூர்து அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டேய், தனியா போனா எவனும் நம்ப மாட்டான். கும்பலா போனாத்தான் மனுசன் செத்தது நெசம்னு நம்புவான்." சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை, கரையான்சாவடியில் சவப்பெட்டி செய்த ஆசாரி, குழி தோண்டியவர், எதிர்வீட்டுப் பால்காரர் என்று ஒரு படையையே ரயிலேற்றிக் கூட்டிப்போனார். நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா தலைதூக்கி, "இவங்கள்லாம் யாருப்பா?" என்றார். "கூட வந்தவங்க சார்" என்றார் அண்ணன். அது போதுமானதாக இருந்தது. குழி தோண்டியவர் எத்தனை அடி ஆழம் என்பதுவரை சாட்சி சொன்னார், ஆசாரி பெட்டியின் நீள அகலம் சொன்னார், குமாஸ்தாவே கடைசியில், "போதும்யா, செத்துட்டாரு, ஒத்துக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டதற்கு, "என் தம்பி" என்றார் அண்ணன். அப்பா பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அண்ணியை வரச்சொல்லிக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னா தம்பி இது அக்குறும்பு? பொட்டில வெச்சு அனுப்புன உன்னியே யாருன்னு கேக்குறாளா அந்தம்மா? அவுரு இருந்தா நாலு வார்த்த கேட்டுக்கினு வந்திருப்பாரு." பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன். "செரி, நீ கவலப்படாத. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

கூரியரில் வந்த உறை ஒரு தலையணை கனம் இருந்தது. மேலே, பூந்தமல்லி கோர்ட்டு வாசல் நோட்டரி வக்கீல் டைப் அடித்த கடிதம்; சிவப்பு அரக்கு முத்திரை, ஸ்டாம்பு, அண்ணியின் கையெழுத்து. அதற்குக் கீழேதான் அண்ணியின் கைவரிசை. நான் லூர்துவின் தம்பிதான் என்று கோயில்பிள்ளை எழுதியிருந்தார். ரேஷன் கடைக்காரர் எழுதியிருந்தார். அண்ணனோடு சீட்டாடிய, மின்சார ரயில் கார் ஷெட் பிட்டர் எழுதியிருந்தார். எழுதத் தெரியாத இஸ்திரிக்காரம்மா கைநாட்டு வைத்திருந்தார். தெருவையே மடித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டார் அண்ணி. அதைப் படித்தபோது நான் விக்கி விக்கி அழுதேன், அண்ணன் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

பார்பராவுக்குத் தேவைப்பட்டது மேல் தாள் மட்டும்தான். அரக்கு முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்றார். பிறகு மற்ற தாள்களைப் புரட்டினார். கைநாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். "இவர்களெல்லாம் யார்?" என்றார்.

"கூட வந்தவர்கள்" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. எனக்குப் பின்னால், அந்த மாட்டுவண்டி போகும் இடைவெளியை, ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு சான்றிதழை எடுத்து வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். "உங்கள் பிரதருக்காக வருந்துகிறேன்" என்றார். கசின் என்று சொல்லவில்லை.

அண்ணிக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் மாதமே, தாமதமாக வந்த மேஸ்திரியைக் கேட்டுக்குள் விடாமல் நிறுத்திவைத்தார் என்று கேள்வி. தேவையில்லை என்று பார்பரா திருப்பிக் கொடுத்த தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கோயில்பிள்ளை தமிழில் எழுதிய தாளில் என்ன இருக்கிறது என்று பார்பரா அன்றைக்குக் கேட்டபோது வாசித்து அர்த்தம் சொன்னேன். கடைசி வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். இங்கேயே நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பவன் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வரி இல்லை அது: 'மேற்படி ஜெயசீலன் எங்கள் தெருவில் குடியிருப்பவர். தற்சமயம் வெளியூர் போயிருக்கிறார்.'

அந்தத் தெருவிலிருந்து வெளியூர் போனவர்கள் இரண்டு பேர். அண்ணன் திரும்பிப் போய்விட்டார்.