பையோடு நட்டது

முகைதீன்பாவா ஒரு கன்றை நிலத்தில் வைக்கும் முன் அதன் கறுப்புப் பையை அடியிலிருந்து மேலே கீறுவார். கீறுவது பாதியாக உடைத்த சவர அலகால். பிடிக்கும் பக்கத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். ஒரே இழுப்பு. மண் உதிராது, வேர் அறுபடாது. பையை உரித்து, உதறி, நான்காக மடித்து, சட்டைப் பொக்கற்றுக்குள் வைப்பார். கன்றைக் குழியில் இறக்கி மண்ணை மூடுவார், காலால் அல்ல, உள்ளங்கையால். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது பொக்கற் வீங்கிப்போயிருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணிப் பார்ப்பார். அன்றைக்கு எத்தனை கன்று நட்டார் என்பதற்கு அவரிடமிருந்த சாட்சி அதுதான். ஒரு பையைக்கூட யாருடைய மண்ணிலும் விட்டுவிட்டு வந்ததில்லை.

கல்முனைக்குடியில் பிறந்தவர், ஐம்பத்தேழு வயது. தோட்டம் அமைத்துக் கொடுக்கும் எங்கள் கம்பனியின் முதல் ஆள் அவர். நான் அங்கே தோட்டங்களுக்குப் படம் வரைகிறேன். கடதாசியில் நான் வைக்கும் பச்சைப் புள்ளியை மண்ணில் மரமாக்குவது அவருடைய வேலை.

கம்பனி பஸாலுடையது. பத்து வருடம் கட்டாரில் இதே தொழில் செய்து திரும்பியவன். வரும்போது அந்தக் கம்பனியின் சுவரில் தொங்கிய வாசகங்களையும் தமிழாக்கிக் கொண்டுவந்தான். அவற்றில் ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டினான்: “நட்டது வாழும். வாழாவிட்டால் திரும்ப நடுவோம்.” மூன்று மாத உத்தரவாதம். அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது முகைதீன்பாவாவின் கை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அறுகம்பேயில் ஒரு விடுதிக்கு இருநூறு கன்று நட்டதில் உப்புக்காற்றில் மூன்றுதான் செத்தன. அந்த மூன்றுக்காக இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

ஒருநாள் தோட்டம் பிறகு வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முதலில் பெண்ணைவிட வீட்டைத்தான் நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். மருதமுனைப் புடவை வியாபாரி ஒருவர் பஸாலிடம் வந்து, “ஞாயித்துக்கிழம ஒரு நாளைக்கு மட்டும் வாசல் பச்சையா இரிந்தாக் காணும் தம்பி” என்றார். பஸால் சிரித்தான். பிறகு யோசித்தான். பிறகு செய்தான். சதுரம் சதுரமாக வெட்டிய புல்லை மணலுக்கு மேல் விரித்து, கன்றுகளைப் பையோடே குழிக்குள் இறக்கி, பை தெரியாமல் மண் தள்ளினார்கள். மறுநாள் எல்லாவற்றையும் கிளப்பி லொறியில் ஏற்றினார்கள். உத்தரவாதமே தேவைப்படவில்லை. சாவதற்கு அங்கே எதுவும் நடப்படவில்லை.

முகைதீன்பாவா மாட்டேன் என்றுவிட்டார்.

“பை உரிக்காம வெச்சா அது நடவு இல்ல தம்பி. அடக்கம்.”

“ஒரு நாளைக்குத்தானே காக்கா” என்றான் பஸால். “நாளைக்கு நாமளே தோண்டி எடுக்கத்தானே போறம்.”

“மையத்தத் தோண்டி எடுத்து இன்னொரு ஊட்டுக்குக் கொண்டு போவீங்களா?”

பஸால் வற்புறுத்தவில்லை. அந்த வேலையை லொறி ஓட்டும் கோகுலனிடம் கொடுத்தான். கோகுலன் பாண்டிருப்புக்காரன், வாய் ஓயாதவன். “நம்மட வேல சுகம் காக்கா. காலையில காடு, பின்னேரம் பாலைவனம்” என்று அவரைச் சீண்டுவான். முகைதீன்பாவா அலகைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரே மகள், றுஸ்னா. இருபத்தெட்டு வயது. மனைவி அஸீஸா ராத்தாவுக்குப் பங்காகக் கிடைத்த கல்முனைக்குடி வளவில் மகளுக்கென்று பத்து வருடமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கம் மட்டும் பூசி வெள்ளையடித்தாயிற்று. வீடு முடியவில்லை என்பதற்காகவே இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பியிருந்தது. வளவு முழுக்க சீமெந்துக் கல் அடுக்கிக் கிடந்ததால் அங்கே ஒரு செடியும் இல்லை. கல்லெல்லாம் சுவராகித் தீர்ந்தது போன நோன்புக்குத்தான். ஐப்பசியில் மழை விழுந்ததும் நடலாம் என்று அவர் எருவை மட்டும் குவித்து வைத்திருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து, கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும் நாளில், பாலமுனையிலிருந்து மூன்றாவது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. ஜூன் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். ஒரு கிழமைதான் இருந்தது.

இரண்டாம் நாள் அஸீஸா ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முகைதீன்பாவா பின்னால் வந்து கதவோடு நின்றார்.

“ஊர் முழுக்கப் புல்லுப் பதிச்ச மனிசன்ட வாசல்ல ஒரு புல்லு இல்ல எண்டு அவங்க கதைக்க மாட்டாங்களா தம்பி?”

“மழ வரட்டும் எண்டு சொன்னேனே” என்றார் அவர்.

“மழ மாப்புள கொண்டு வருமா? ரெண்டு பேர் போனது காணாதா?”

பஸால் கதிரையை விட்டு எழும்பினான். “காக்காட புள்ள நம்மட புள்ள, ராத்தா. ஒரு சதமும் வேணாம். நேர்சரியில விரும்பினத்த எடுங்க. திங்கக்கிழம காலையில மட்டும் எனக்கு மரமெல்லாம் திரும்ப வேணும். பொத்துவில் வேல ஒண்டிரிக்கி.”

முகைதீன்பாவா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை கோகுலனும் நானும் போனோம். ஆனால் குழி வெட்டியதும் கன்று இறக்கியதும் அவரேதான். முதல் கன்றைத் தூக்கியதும் கை தானாக அலகுக்குப் போனது. கோகுலன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

“கீறினா நாளையண்டைக்குக் கிளப்பக்குள்ள மண் உதிர்ந்து செத்துரும் காக்கா. விடுங்க. நிக்காஹ் முடியட்டும், உண்மையான மரம் வைப்பம்.”

முப்பத்திரண்டு கன்று. எக்ஸோறா, நந்தியாவட்டை, செவ்வரத்தை, குறோட்டன். அஸர் பாங்கு கேட்டதும் பழக்கத்தில் பொக்கற்றுக்குள் கைவிட்டார். வெறுங்கை வெளியே வந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொழப் போனார்.

ஞாயிறு காலை அந்த வளவு அழகாகத்தான் இருந்தது. நான் வரைந்திருந்தாலும் அப்படி வந்திராது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளையின் தாய் முஸ்பிறாவும், தாய்மாமன் சாலிஹ் ஹாஜியாரும் வந்தார்கள். ஹாஜியார் பாலமுனையில் வயல்காரர். குழாயைத் திறந்து பார்த்தார், கூரையைப் பார்த்தார், பூசாத பின்சுவரையும் சுற்றிப்போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் நின்றார்.

“இதெல்லாம் வெச்சு எத்தின வருசம்?”

“மூணு…” முகைதீன்பாவா குனிந்து ஒரு சருகைப் பொறுக்கினார். “மூணு வருசம் ஹாஜியார்.”

ஒரு கன்றைப் பற்றி அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

முஸ்பிறாவுக்கு எக்ஸோறாவில் கண் விழுந்துவிட்டது. “இந்த நிறம் எங்கட பக்கம் இல்ல. ஒரு கண்டு தாங்க ராத்தா” என்றார் அஸீஸா ராத்தாவிடம். இங்கே ஒரு வீட்டுச் செடியைப் பிடித்துப்போனால் கேட்பது மரியாதை. கேட்டால் கொடுப்பது அதைவிட மரியாதை. அதுவும் சம்பந்தி ஆகப்போகிறவர் கேட்டால், காரியம் பழுத்துவிட்டது என்றுதான் அர்த்தம். அஸீஸா ராத்தாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் மண்ணுக்குள் இருப்பதை மறந்துவிட்டார்.

“ஒண்டென்ன, விரும்பினத்த எடுங்க. உங்கட ஊடுதானே.”

“நான் பின்னேரம் கிளப்பிக் கொண்டுவந்து தாறன்” என்று முகைதீன்பாவா ஓடிவந்தார்.

“சின்னக் கண்டுதானே” என்று சொல்லிக்கொண்டே முஸ்பிறா குனிந்து கழுத்தில் பிடித்து இழுத்தார்.

அது வந்தது. ஒரு போத்தல் மூடி கழன்று வருவதுபோல், சத்தமில்லாமல், கறுப்புப் பையோடு முழுசாக வந்தது. பையின் பக்கத்தில் கம்பனியின் பெயரோடு மஞ்சள் ஒட்டுத்தாள்.

சாலிஹ் ஹாஜியார்தான் முதலில் வாய் திறந்தார்.

“உங்கட ஊட்டுல வேரும் கறுத்த அபாயா போட்டுத்தான் நிக்கிது போல.”

தானே சிரித்துக்கொண்டார். பிறகு காலால் புல்லின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். கீழே வெள்ளை மணல். முஸ்பிறா கன்றைப் படியில் மெதுவாக வைத்தார், ஒரு குழந்தையை இறக்கி வைப்பதுபோல. உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். “மாஷா அல்லாஹ், ஊடு நல்லம்” என்றார்கள். போனார்கள்.

புதன்கிழமை பதில் வந்தது. அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுது பார்த்தார்களாம், மனதுக்கு வரவில்லையாம்.

தகப்பன் தன் முன்னால் தலை குனிந்து இருந்தபோது றுஸ்னா அழவில்லை என்று ராத்தா பிறகு சொன்னார். “நீங்க நடுற மாதிரி நட்டிருந்தா அவவால புடுங்க ஏலுமா வாப்பா?” என்று மட்டும் கேட்டாளாம்.

அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ராத்தா, “எடுங்க எண்டு நான் சொன்னதுதான்” என்று நெஞ்சில் கைவைத்தார். முகைதீன்பாவாவுக்கு அந்தப் பொய். “மூணு வருசம் எண்டு நாக்கால சொன்னேனே. அல்லாஹ் காட்டிக் குடுத்துட்டான்” என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஊருக்குக் காரணம் தேவைப்படவில்லை, பெயர்தான் தேவைப்பட்டது. “வாடகைப் பாவா” என்றார்கள். ஒருநாள் தோட்டம் எடுத்தவர்களே அதை அதிகம் சொன்னார்கள். சாய்ந்தமருதில் ஒரு ஆசிரியர் வீட்டில் அவர் இருபது கன்று நட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆசிரியர் வந்தார், அவர் கண் முன்னாலேயே வரிசையில் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பை இல்லை. “சும்மா பாத்தன், குறை நினைக்காதீங்க” என்றார். முகைதீன்பாவாவின் பொக்கற்றில் மடித்த பைகள் இருபதும் இருந்தன. அவர் அவற்றை எடுத்துக் காட்டவில்லை. பிடுங்கிய கன்றைத் திரும்ப வைத்து, மண்ணை உள்ளங்கையால் அமத்திவிட்டு வந்தார்.

அந்தக் கிழமையே பஸால் அவரைக் கூப்பிட்டான்.

“ஆக்கள் உங்கள நம்புறாங்க இல்ல காக்கா. நான் என்ன செய்ய? கொஞ்ச நாளைக்கு நேர்சரியில நில்லுங்க.”

“ஒருநாள் தோட்டத்த நிப்பாட்டுவீங்களா தம்பி?”

“அது வேற, இது வேற காக்கா.”

அவர் கேட்டது அவ்வளவுதான். இப்போது நேர்சரியில் ஒரு சாக்கின் மேல் இருந்துகொண்டு கறுப்புப் பைகளுக்குள் மண் நிரப்புகிறார். ஒரு நாளைக்கு நானூறு. அதில் எத்தனை பை உரிக்கப்படும், எத்தனை பையோடே போய்ப் பையோடே திரும்பும் என்று அவருக்குத் தெரியும். அலுவலகச் சுவரில் கண்ணாடி அப்படியேதான் தொங்குகிறது. ஒருநாள் தோட்டத்துக்கு இப்போது இரண்டு லொறி ஓடுகிறது.

கார்த்திகையில், மழை விட்ட ஒரு நாள், வளவு அளக்க அட்டாளைச்சேனைக்குப் போனேன். மகளுக்குக் கொடுத்த புது வீடு. தகப்பன் ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மருமகன் வங்கியில் வேலை, பாலமுனை என்றார். மண்டபத்தில் பெரிதாக்கி மாட்டிய படம் ஒன்று. முஸ்பிறா ஒரு பெண்ணின் கழுத்தில் சங்கிலி போடுகிறார். பக்கத்தில் சாலிஹ் ஹாஜியார் சிரிக்கிறார். கீழே பொன்னிறத்தில் திகதி: 27.06.2025, வெள்ளிக்கிழமை.

“அண்டைக்கே வாக்குத் தந்து எல்லாம் முடிஞ்சிட்டு தம்பி” என்றார் அவர், பெருமையோடு. “கல்முனைக்குடியில இன்னொரு ஊட்டுக்கும் வாறம் எண்டு சொல்லி இரிந்தவங்களாம். போகாட்டிக் குறையெண்டு, ரெண்டு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழம சும்மா போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தவங்க.”