இரண்டு பக்கமும் ஆடுகிறவள்

உள்ளறையிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்து, காய் ஒன்று குழியில் விழும் ஓசை. அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல்: “போச்சா? நல்லா வேணும் உனக்கு!”

இரட்டைப் பிள்ளைகளை ஆளுக்கொரு கையில் பிடித்தபடி அப்போதுதான் மாடியேறி வந்திருந்த நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. “அண்ணி யாரோட விளையாடறாங்க?”

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் தலை நிமிரவில்லை. “அவளோடயே. கேரம் போர்டுல ரெண்டு பக்கமும் அவதான். சனிக்கிழமை சாயங்காலம்னா இப்படித்தான்.”

“இது எத்தனை நாளா?”

“உனக்கு எங்க வர நேரம் இருக்கு, தெரிஞ்சுக்க?”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

மருத்துவமனையில் அண்ணிக்கு ‘ஊசியக்கா’ என்று பெயர். பொழுது விடிந்ததிலிருந்து ஊரார் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுப்பது வேலை. வெறும் வயிற்றோடு வந்து சிடுசிடுக்கிறவர்கள், ஊசியைக் கண்டதும் துவண்டு சாயும் பெரிய மீசைக்காரர்கள் எல்லாருக்கும் அவளிடம் ஒரே மருந்துதான். “அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க பாப்போம்” என்பாள். சுவரில் ஒன்றும் எழுதியிருக்காது. அவர்கள் தேடிப் பார்த்துத் திரும்புவதற்குள் குப்பி நிறைந்திருக்கும். வேலை முடிந்ததும் பேருந்தில் நின்றபடியே தூங்குவாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மலைபோல் துணி, முடியாத வீட்டுப்பாடம். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு சாயங்காலம் எங்கிருந்து கிடைத்தது?

நாத்தனார் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள் அண்ணி. ஒரு காயைத் தவறவிட்டாள். எழுந்தாள். எதிர் நாற்காலிக்குப் போனாள். போகும்போது, இருந்த ஒரே நாற்காலி மெத்தையையும் மறக்காமல் எடுத்துப் போய் அங்கே போட்டுக்கொண்டாள். உட்கார்ந்ததும், காலியான நாற்காலியைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள்.

நாத்தனாருக்கு வயிறு பற்றி எரிந்தது. நாளெல்லாம் போனில் ஊர்ப்பட்ட புகார்களைக் கேட்டு “மன்னிக்கணும் சார்” சொல்லும் வேலை அவளுக்கு. வீட்டில் குளியலறைக்குள் போனால்கூடக் கதவுக்கு அடியில் இரட்டையர்களின் விரல்கள் நீண்டு வரும். கடைசியாக அவள் தொந்தரவில்லாமல் சாய்ந்து கிடந்தது, பல் பிடுங்கிக்கொண்ட அன்றைக்குத்தான். பாவி மகள், அந்தப் பல் டாக்டர் நாற்காலியை நினைத்து இன்னமும் ஏங்குகிறாள்!

அப்போது அண்ணனின் ஐந்து வயது மகன் ஓடிவந்து கதவைத் தட்டினான். “அம்மா! அக்கா என் பென்சிலைப் புடுங்கிட்டா!”

“ரத்தம் வருதா?” என்றது உள்ளே இருந்த குரல்.

“இல்ல.”

“அப்ப அப்பாகிட்ட போ.”

பையன் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. திரும்பினான். அதைத்தான் நாத்தனாரால் தாங்க முடியவில்லை. குனிந்து அவன் காதோடு சொன்னாள்: “ரத்தம் வருதுன்னு சொல்லேன், என்ன ஆகுதுன்னு பாப்போம்.”

“அம்மா, ரத்தம்!”

உள்ளே நாற்காலி கவிழ்ந்தது. காய்கள் சிதறின. கதவு படாரென்று திறந்தது. வெளுத்துப்போன முகத்தோடு மகனின் கையை, முழங்காலை, தலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள் அந்தத் தாய். “எங்கடா? எங்க?”

“அத்தைதான் சொல்லச் சொன்னாங்க.”

சமையலறையில் பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றது.

அண்ணி கத்தியிருந்தால் தேவலை. “ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

சிரித்து மழுப்பத்தான் நாத்தனார் வாயைத் திறந்தாள். அழுகை முந்திக்கொண்டது. “வயித்தெரிச்சல், அண்ணி. வேற என்ன? உங்களுக்கு என் அண்ணன் உக்காந்து பீன்ஸ் நறுக்கறான். எனக்கு யாரு இருக்கா?”

“உங்கண்ணன் தானா நறுக்கறாருன்னா நினைச்சே? ஆரம்பத்துல தினம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. கேட்டுப் பாரு.”

“இப்ப எதுக்கு அந்தக் கதை?” என்றது சமையலறை. “அது சரி, எந்தப் பக்கம் ஜெயிச்சிட்டிருந்துது?”

“நீங்க நறுக்குங்க!” அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள். “இங்க பாரு, எனக்குக் கோவம் தீரல. பெத்த வயிறு என்ன பாடு பட்டுச்சு தெரியுமா?”

சொல்லிக்கொண்டே நாத்தனாரின் தோளிலிருந்து பையை உருவினாள். தண்ணீர் புட்டிகள், மாற்றுச் சட்டைகள், பாதி கடித்த பிஸ்கட், சக்கரம் போன பொம்மைக் கார் என்று எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டினாள். அதிலிருந்து பர்ஸை மட்டும் பொறுக்கி நாத்தனார் கையில் திணித்தாள்.

“கிளம்பு.”

“எங்க அண்ணி?”

“எனக்கென்ன தெரியும்? கால் போற பக்கம் போ. இருட்டினதும் வா. அடுத்த சனிக்கிழமை என் ரெண்டும் உன் வீட்ல. சும்மா விட்டுடுவேன்னு பாக்காதே.”

இரட்டையர்கள் உள்ளறைக் கட்டிலுக்கடியில் தவழ்ந்து காய் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா வாசலுக்குப் போவதை ஒருவனும் கண்டுகொள்ளவில்லை. அதிலும் ஒரு பொறாமை பெற்றவளைக் கிள்ளியது. “அழக்கூட இல்லையே அண்ணி, இதுங்க!”

“அழுதா நீ நின்னுடுவே.”

வாசலைத் தாண்டியும் கால் நகரவில்லை. “பெரியவனுக்கு மூக்கு அடைச்சிருக்கு. தண்ணி குடுத்தா...”

அண்ணி அவள் தோள் இரண்டையும் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினாள். முதுகில் ஒரு தள்ளு. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டாள்.